கனகத்தைக் கூட்டிவரப் போன வண்டி

"ஹாரன் நல்லாத்தான் அடிக்குதுங்க" என்று கட்டிலருகே குனிந்து சொன்னாள் மாசாணியம்மாள். வாசலில் நின்ற காருக்கும் உள்ளறையில் படுத்திருந்த கணவனுக்கும் நடுவே அவள் நடப்பது அது நான்காவது தடவை.

வெள்ளியங்கிரி கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அப்பப் பேட்டரி நல்லா இருக்குது. சுச்சப் போட்டுட்டு ஹேண்டிலச் சுத்தச் சொல்லு. முள்ளு ஆடுதான்னு நீயே பாரு."

அவள் மறுபடி வெளியே போனாள். அவளுடைய தம்பி நஞ்சப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் வியர்த்து நின்றான். ஓட்டத் தெரியுமே தவிர, வயர் சமாசாரம் எதுவும் அவனுக்குத் தெரியாது. "சுத்து" என்றாள். அவன் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். அவள் உள்ளே எட்டி, ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வட்டக் கண்ணாடியைப் பார்த்தாள். கரண்ட்டு காயிலுக்குப் போனால் அதிலுள்ள முள் துள்ளும். இப்போது அது செத்த பூச்சி மாதிரி நடுவில் கிடந்தது.

காலையில் கருமத்தம்பட்டி வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "வரவேண்டியவங்க இருந்தா வரச்சொல்லீருங்க, அம்மணி. பொழுது சாயற வரைக்கும் தாங்கினாப் பெருசு" என்று சொல்லிவிட்டுப் போனார். வரவேண்டியவள் ஒருத்திதான். தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் கனகம்.

அவள் இந்த வீட்டு வாசலை மிதித்து இரண்டு வருஷம் ஆகிறது. தலைத் தீபாவளிக்கு வந்த சம்பந்தி, பேச்சோடு பேச்சாக இந்தக் காரைக் கேட்டார். "பொண்ணத்தானுங் குடுத்தேன், என்ற காலு மாதிரி இருக்கற வண்டியையும் சேத்துக் கேட்டா எப்படிங்க?" என்று வெள்ளியங்கிரி பத்துப்பேர் நடுவில் சொல்லிவிட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது. தலைப்பிரசவத்துக்குக்கூட அவர்கள் பெண்ணை அனுப்பவில்லை. பிறந்த குழந்தைக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. தாத்தன் இன்னும் முகம் பார்க்கவில்லை.

வைத்தியர் போனதும் வெள்ளியங்கிரி மைத்துனனைக் கூப்பிட்டார். "வண்டிய எடுத்துட்டுப் போ. வண்டியக் குடுத்துட்டேன்னு அவிங்ககிட்டச் சொல்லு. அதுலயே கனகத்தக் கூட்டிட்டு வா" என்றார். நஞ்சப்பன் அக்காவைப் பார்த்தான். அவள் சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றரை மாதமாகத் தொடாமல் கிடந்த வண்டி கிளம்ப மறுத்தது.

"முள்ளு ஆடலீங்க" என்று வந்து சொன்னாள்.

"கரண்ட்டு தொட்டு விடற பாயிண்ட்ட உப்புத்தாள்ல தேச்சானா?"

"தேச்சுட்டான். அப்பறந்தான் சுத்துனான்."

அவர் கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். நெற்றி சுருங்கியது. அந்தச் சுருக்கம் அவளுக்குத் தெரிந்த சுருக்கம்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால், நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை ஊருக்குக் கப்பலேறும்போது அவரிடம் வாங்கிய வண்டி இது. வீட்டில் வெள்ளியங்கிரி ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். சோறு, தண்ணீர், மாட்டுக்குத் தீனி, அவ்வளவுதான். வண்டி வழியில் நின்றுவிட்டால் மட்டும் அவருக்கு வாய் திறக்கும். பேரூருக்குப் போகும்போது சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் ஒரு தடவை நின்றது. அவிநாசித் தேருக்குப் போகும்போது நின்றது. பல்லடத்துப் பொட்டலில் முழுசாக ஒரு மத்தியானம் நின்றது. அவர் பானெட்டைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு வயராகத் தொட்டுத் தொட்டு அவளிடம் சொல்வார். "இங்கிருந்து கரண்ட்டு இப்பிடிப் போகுது, பாத்தியா? இது காயிலு. இங்க வந்துதான் அதுக்குப் பலம் ஏறுது." அவள் ஸ்பேனர்களை மடியில் போட்டுக்கொண்டு மைல்கல்லின் மேல் உட்கார்ந்து 'உம்' கொட்டுவாள். வயர் பேச்சு நடுவிலேயே எங்கெங்கோ போகும். சின்ன வயதில் செத்துப்போன அண்ணனைப் பற்றிப் பேசுவார். பெண் பார்க்க வந்தபோது அவள் கட்டியிருந்த புடவையின் நிறத்தைச் சொல்வார். வண்டி கிளம்பியதும் வாய் மூடிக்கொள்ளும். வண்டி நிற்க வேண்டும் என்று அவள் சில தடவை சாமியிடம் வேண்டிக்கொண்டதுண்டு. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

"சுச்சுக்கும் காயிலுக்கும் நடுவுல எங்கியோ அறுந்திருக்குது" என்றார் வெள்ளியங்கிரி. "எலி கடிச்சிருக்கும். அதத் தேடீட்டு இருந்தா நேரம் போயிரும். பேட்டரியிலிருந்து நேரா காயிலுக்கு ஒரு வயர் இழுத்துக் கட்டோணும். வயருக்கு இப்ப எங்க போறது?"

மாசாணியம்மாள் யோசித்தாள். "பின்னால செகப்பு லைட்டுக்கு ஒரு வயரு போகுதுங்களே. பகல்ல அது எதுக்குங்க? அத உருவிக்கட்டுமா?"

அன்றைக்கு முதல் தடவையாக அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்புள்ள, இத்தன நாளா எங்கிருந்த நீ?"

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வயரை நஞ்சப்பன்தான் உருவினான். எங்கே கட்டுவது என்று காட்டியவள் அவள். காயிலின் முனையில் சுற்றி முறுக்கிவிட்டு மறுமுனையைப் பேட்டரியில் வைத்ததும் சின்னதாக ஒரு பொறி தெறித்தது. இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. நஞ்சப்பன் ஏறி உட்கார்ந்தான்.

"வாரேனுங்க்கா."

"பாத்துப் போ. வேகமாப் போகாத."

அவள் உள்ளே ஓடிவந்தபோது வெள்ளியங்கிரி வலதுகை ஆள்காட்டி விரலை லேசாகத் தூக்கி வைத்திருந்தார். பேசாதே என்கிற மாதிரி. வண்டிச் சத்தம் ஊர்க் கோடியைத் தாண்டியது. அவிநாசி ரோட்டில் ஏறியது. சிறிது சிறிதாகத் தேய்ந்தது. அவள் காதுக்கு அது நின்றுபோன பிறகும் விரல் அப்படியே இருந்தது. பிறகு மெல்லப் படுக்கையில் இறங்கியது.

அவள் அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். அப்புறம் அவர் கண்களை மூடிவிட்டாள். தாடையைத் துணியால் கட்டவேண்டும் என்று தெரியும். கட்டினாள். வாய்விட்டு ஒரு சத்தம் போட்டால் போதும், ஊர் கூடிவிடும். யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு வண்டியைத் துரத்துவார்கள். கனகம் வழியெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு வருவாள். மாசாணியம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மத்தியானம் தோட்டத்தில் வேலை பார்க்கும் பாவாத்தாள் பால் கொண்டுவந்தாள். "ஏனுங்கம்மா, பெரியவருக்கு எப்படி இருக்குதுங்க?" என்று வாசலில் இருந்தே கேட்டாள்.

"தூங்கறாரு. பால அங்கியே வெச்சுட்டுப் போ, கண்ணு."

கதவுக்குப் பின்னால் இருந்து அதைச் சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. திரும்பிவந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். சிங்காநல்லூர்க் குளத்தைப் பற்றிச் சொன்னாள். அந்தப் புடவை அவர் நினைத்த மாதிரி பச்சை இல்லை, மயில்கழுத்து நிறம் என்று சொன்னாள். பல்லடத்தில் அவள் வேண்டிக்கொண்டதையும் சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் மருமகன். கனகம் குழந்தையோடு பின்னால் இருந்து இறங்கினாள். அக்காவின் பக்கத்தில் வந்து நஞ்சப்பன் தாழ்ந்த குரலில், "சம்பந்தி எதுத்து ஒரு வார்த்த பேசலீங்க்கா. வண்டி வேண்டாம், மொதல்ல புள்ளயக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு" என்றான்.

எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மருமகன் சுவிட்சைத் திருகித் திருகிப் பார்த்தார். "ஏனுங்கத்தே, அணைச்சாலும் நிக்கமாட்டேங்குதுங்க" என்றார்.

மாசாணியம்மாள் நடந்துபோய், சுவிட்சைத் தொடாமல் நேராகக் கட்டிய அந்த வயரைப் பேட்டரியிலிருந்து பிடுங்கினாள். முற்றம் முழுக்க அமைதி வந்து விழுந்தது.

"அம்மா, ஐயன் தூங்கறாருங்களா?" என்றாள் கனகம்.

"கொழந்தைய இப்பிடிக் குடு மொதல்ல."

கனகம் தாயின் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைக் கொடுத்தாள். சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டிலிருந்து முதல் அழுகை எழுந்தது. ஊர் வந்தது.

பந்தல் போட வண்டி இடைஞ்சலாக இருந்தது. அதைக் கிளப்ப யாரும் முயற்சி செய்யவில்லை. ஐந்தாறு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மருமகன் வெளியே இருந்தபடி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து கூடவே நடந்தார். வண்டி நின்றிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் சொட்டியிருந்தது. இரண்டு பேர் பெஞ்சைத் தூக்கிவந்து அதன்மேல் போட்டார்கள்.

மாசாணியம்மாள் பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்து நின்று, பெஞ்சுக்கடியில் தெரிந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள்.

"பெஞ்ச சித்தத் தள்ளிப் போடுங்க" என்றாள்.