குடிக்காத காபி

ஈராக்கின் ரமாதி, 2006 அக்டோபர் கடைசி. அரசு மாளிகையில், ஷேக் மிஷான் காபிக் கோப்பையை உதட்டில் வைக்காமல் தரையில் வைத்தார்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி அப்படி வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். ‘குடியுங்கள்’ என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், கேட்டதைக் கொடுத்தாகிவிட்டது. அதனால் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்காரர் அந்த வார்த்தையைச் சொல்வார்.

ஹால்வர்சன் மேடத்துக்கு இது தெரியாது. அமெரிக்க வெளியுறவுத் துறை எங்கள் மாகாணத்துக்கு அனுப்பிய ஆலோசகர் அவர். கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து குலத் தலைவர்களைப் பிரித்து, அவர்களுடைய ஆட்களைப் போலீசில் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்தில் சேர்ந்தவர்கள் பதினாறு பேர். ஷேக் மிஷானிடம் முந்நூறு பேர் இருந்தார்கள்.

“ஆறிடப் போகுது. குடிக்கச் சொல்லு, டோனி.”

டோனி நான்தான், மொழிபெயர்ப்பாளன். முகமூடியும் பொய்ப் பெயரும் இல்லாமல் இந்த வேலையைச் செய்தால், சொந்த ஊரில் தலை தங்காது.

வேண்டாம் மேடம் என்று தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஷேக்கின் தம்பி மகன் தாமிர் என் பள்ளித் தோழன். சோதனைச் சாவடியில் அமெரிக்கர்களிடம் பிடிபட்டுப் பதினெட்டு நாள்; அவனைக் கேட்கத்தான் ஷேக் வந்திருந்தார். மறுநாள் தெற்கே பெரிய கைதி முகாமுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அங்கே போனவன் எப்போது திரும்புவான் என்பது அதை நடத்துகிறவர்களுக்கே தெரியாது.

“குடிங்க, ஷேக்,” என்றேன்.

ஒரே மடக்கு. மீசையைத் துடைத்துக்கொண்டார். “அல்லா உங்க வீட்டை நல்லா வெக்கட்டும். நாளைக் காலைல வாசலுக்கு வந்து தாமிரைக் கூட்டிக்கிறேன்.”

போயே விட்டார். மேடத்துக்கு விளக்கினேன்.

“நான் காபிதானே குடுத்தேன்!”

“ஆளையும் சேர்த்துக் குடுத்துட்டீங்க, மேடம்.”

என்னை உற்றுப் பார்த்தார். “தெரிஞ்சேதான் பண்ணினியா?”

“ஆமா.”

“உன்னை அப்புறம் கவனிச்சுக்கிறேன். முதல்ல கர்னல்.”

கைதிகள் கர்னல் ப்ரூக்கின் பொறுப்பில் இருந்தார்கள். அவர் சிரித்தார். “காபிக்கு ஒரு கைதியா? நாளைக்கு டீ குடிச்சிட்டு டாங்கி கேப்பாங்க. அவன் கார்ல ஒயர் இருந்துது.”

“ஜெனரேட்டர் ரிப்பேர் பண்றவன் சார் அவன்,” என்றேன்.

“இந்த ஊர்ல எல்லாருமே ரிப்பேர்தான் பண்றாங்க.”

மேடம் குறுக்கிட்டார். “மிஷானை நாளைக்கு வெறுங்கையோட அனுப்பினா, இந்த மாகாணத்துல ஒரு ஷேக்கும் என் படியேற மாட்டான். முந்நூறு பேரும் அந்தப் பக்கம் போயிடுவாங்க. ஜாமீன் நான் போடறேன்.”

“மார்ச்ல நீங்க ஊருக்குப் போயிடுவீங்க. நானும் போயிடுவேன். அதுக்கப்புறம் அவன் குண்டு வெச்சா யாரைப் பிடிக்கிறது?”

அந்த அறையில் மார்ச்சுக்குப் பிறகும் ரமாதியில் இருக்கப்போகிறவன் நான் ஒருவன்தான்.

“நான் போடறேன்.”

“டோனின்னா?” என்றார் கர்னல்.

“கஸ்வான் யாசீன். ஆலைத் தெரு.”

மேடம் பேனாவைத் தரவில்லை. “யோசிச்சுக்கோ. நகல் ஷேக் கைக்குப் போகும். ஊரே படிக்கும்.”

“தெரியும், மேடம்.” நானே எடுத்துக்கொண்டேன்.

காலையில் தாமிர் ஒரு செருப்போடு வெளியே வந்தான். ஷேக் அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. காகிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

“ஒர்க்‌ஷாப் யாசீன் மவனா நீ? உங்கப்பன் என் லாரியைக் கெடுத்தவன்டா!”

“அது பழைய லாரி, ஷேக்.”

“அதையேதான் அவனும் சொன்னான்.” குரல் இறங்கியது. “வீட்ல எத்தனை பேரு?”

“அம்மா, ரெண்டு தங்கச்சி.”

“லாரி அனுப்பறேன். பாத்திரம் பண்டமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஆளுங்களை ஏத்து. உன் கையெழுத்துல என் பிள்ளை வெளிய நிக்கிறான். உன் வீட்டுக்கு இனி நான்தான் காவல்.”

திங்கட்கிழமை போலீசுக்கு ஆள் எடுத்தார்கள். முந்நூறு பேர் வரவில்லை, நூற்றுப் பன்னிரண்டு பேர். தாமிர் முதலில் நின்றான். அதற்குள் அம்மாவும் தங்கைகளும் ஷேக்கின் கிராமத்தில் இருந்தார்கள். ஆலைத் தெருவில் எங்கள் வீடு ஞாயிற்றுக்கிழமையே எரிந்துவிட்டது.