பெட்டிக்கடை அக்கா

"அக்கா, என்மேல கோவமா?"

கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து, வெட்டி அடுக்கிய அட்டைகளின்மேல் நகர்ந்து நின்றது. மேஸ்திரி பசைக் கையோடு எட்டிப் பார்த்தாள். கேக் செய்து விற்கிற கேக்காரம்மாதான். விடிந்தும் விடியாததுமாக இப்படிக் கோபத்தை விசாரிக்க வேறு யார் இருக்கிறார்கள்?

மேஸ்திரி என்பது புருஷன் அவளுக்கு வைத்த பட்டம். இருவரும் ஒரே அறையில் கேக் பெட்டி செய்தார்கள். அவர் அட்டை வெட்டித் தருவார். மடிப்புக் கோடு போடுவதும், பசை தடவுவதும், மூடியில் கண்ணாடித் தாள் ஒட்டி ஜன்னல் வைப்பதும் அவள். வெட்டு ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும், "இதை நீங்களே தலையில கவுத்துக்குங்க" என்று அவர் முன்னால் போட்டுவிடுவாள். அதற்குமேல் அவளிடம் பேச்சை எதிர்பார்க்கக் கூடாது. பேச்செல்லாம் அவருடைய இலாகா. சுவர் கிடைத்தால் சுவரிடமும் கதை பேசுகிற மனிதர்.

தொழிலுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியதும் அவர்தான். "பெட்டி விக்கிற கடை பெட்டிக்கடைதானே?" என்று அதற்குப் பெட்டிக்கடை என்றே பெயர் வைத்தார். முதல் வாரம் வந்ததெல்லாம் சிகரெட் இருக்கிறதா என்ற விசாரிப்புதான். மனிதர் சலிக்கவில்லை. "காலிப் பெட்டிதான் இருக்கு, சிகரெட்டை நீங்க கொண்டாங்க" என்று ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். அதில் இரண்டு பேர் வாடிக்கையாளராகவே ஆகிவிட்டார்கள். பக்கத்தின் முகப்பில், வளையல் போட்ட அவள் கைகள் ஒரு பெட்டியை மூடுகிற படம். தன் கை தேய்ந்த துடைப்பம் மாதிரி இருப்பதால் படத்துக்கு ஆகாது என்றார்.

வினை அந்தப் படத்தில்தான் இருந்தது.

"அக்கா, உயரமான கேக்குக்குப் பெட்டி கிடைக்குமா? மூடினா க்ரீம் மூடியில ஒட்டிக்குது." கேக்காரம்மாவின் முதல் செய்தி அது. அவர் விழுந்து விழுந்து சிரித்து, அவளிடம் கொண்டுவந்து காட்டினார்.

"அக்காவாம்டி மேஸ்திரி!"

"நான் ஆம்பளைன்னு எழுதித் தொலைங்க."

"எழுதினா அதுக்கப்புறம் பெட்டியத் தவிர வேற பேசாது அந்தப் பொண்ணு. நான் என்ன பொய்யா சொல்றேன்? நான் பாக்கறேன், நான் அனுப்பறேன்னுதானே எழுதறேன். இந்த 'நான்'ல ஆம்பளை எங்க இருக்கான், பொம்பளை எங்க இருக்கா?"

பாஷையும் அவருக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. மூன்று வருஷம் ஒரு சொல்கூட இடறாமல் அக்காவாகவே இருந்தார்.

பெட்டியில் தொடங்கிய பேச்சு மாமியாரில் போய் நின்றது. கேக் வேகும்போது மாமியார் நடுநடுவே ஓவனைத் திறந்து பார்க்கிறாராம், கேக் அமுங்கிப்போகிறதாம். அழாத குறையாக எழுதியிருந்தாள் கேக்காரம்மா. "அத்தைக்கு ஓவன் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்கார வைடி. இனிமே யாரும் தொறக்காம பாத்துக்கறது உங்க பொறுப்புன்னு சொல்லிடு" என்றது அக்கா. பலித்துவிட்டது. அன்றிலிருந்து கேக்காரம்மாவுக்கு அக்கா சொன்னதுதான் சட்டம். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களின் குழு ஒன்றில் அவளே அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அங்கிருந்து மெழுகுவர்த்திக்காரி வந்தாள், சோப்புக்காரி வந்தாள். பாதி வியாபாரம் அவர் வாயால் வந்ததுதான். "ஒரு நாளாவது உங்க குரலைக் கேக்கணும்க்கா" என்று கேக்காரம்மா எப்போதாவது கெஞ்சுவாள். "என் குரலைக் கேட்டா உன் கேக் அமுங்கிடும்டி" என்று தப்பித்துக்கொள்வார்.

பிறகு ஒருநாள் மத்தியானம், அட்டை வெட்டிக்கொண்டிருந்தவர், "மேஸ்திரி, கொஞ்சம் தண்ணி" என்றார். அவள் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவ்வளவு பேசிய மனிதர் ஒரு வாய்த் தண்ணீர் கேட்டுவிட்டுப் போய்விட்டார். 

காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி அறையைத் திறந்தபோது, கைப்பேசியில் அக்காவுக்கு வந்த செய்திகள் குவிந்து கிடந்தன. "சரி." "ஆகட்டும்." "அனுப்பியாச்சு." அவளுக்குத் தெரிந்த பதில்கள் அவ்வளவுதான். பெட்டிகள் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. ஆனாலும் மெழுகுவர்த்திக்காரியும் சோப்புக்காரியும் சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது கேக்காரம்மா ஒருத்தி. அவள் இப்போது வெளியே ஒரு கடை திறக்கப்போகிறாள். அவளும் போய்விட்டால் அறையைப் பூட்டிவிட வேண்டியதுதான்.

"இதுல என்னம்மா இருக்கு?" என்றாள் கட்டிக்கொடுத்த மகள். "அப்பா அக்காவா நடிச்சாரு. நீ நெஜமாவே அக்கா. இப்பதான் பொய்யே இல்லையே. போன் போட்டுப் பேசேன்."

வாஸ்தவம்தான். இவளிடம் குரல் இருந்தது. பேச்சு அல்லவா இல்லை!

மகளிடம் சொல்லாதது ஒன்றும் உண்டு. தெருவுக்கும் உறவுக்கும் அவர் போய்ச் சேர்ந்தவர். இந்தக் கைப்பேசிக்குள் மட்டும் அவர் இன்னும் சாகவில்லை. "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேக்காரம்மா கேட்டால், அவள் கேட்பது அவரைத்தான். அதையும் தன் கையால் அணைத்துவிட மேஸ்திரிக்கு மனம் வரவில்லை.

அதனால், கோபமா என்று கேட்ட அன்று கையைக் கழுவிவிட்டு, பழைய பேச்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். இதே கேள்விக்கு முன்பு ஒரு தடவை அவர் எழுதிய பதில் அகப்பட்டது. அதையே எழுத்து மாறாமல் அனுப்பினாள்.

"உன்மேல கோவப்படணும்னா வரிசையில நிக்கணும்டி. உங்க அத்தை எனக்கு முன்னாடி நிக்கறாங்க."

உடனே பதில் வந்தது. "அப்பாடா! இப்பதான் எங்க அக்கா வந்தாங்க. இத்தனை நாள் யாரோ எழுதற மாதிரியே இருந்துச்சு."

அந்த 'யாரோ'வைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் பசை காய்ந்துபோனது. உண்மையான பெண் ஒருத்தி எழுதினால் யாரோவாம், அவர் எழுதினால் அக்காவாம். சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கேக்காரம்மா ஏதாவது கேட்பாள். இவள் தேடிப்பிடித்து அவருடைய பழைய வரி ஒன்றைக் கடன் வாங்கி அனுப்புவாள். புதுக்கடைக்கான பெட்டிகளும் இவளிடமே வந்தன. சில சமயம் அனுப்பவேண்டிய அவசியமே இல்லாமல் சும்மா படித்துக்கொண்டிருப்பாள். கூட இருந்தபோது, "போதும், வேலையைப் பாருங்க" என்று எத்தனை தடவை அந்த வாயை அடக்கியிருக்கிறாள்!

புதுக்கடைப் பெட்டிகளுக்கு ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்த காலையில் அந்தச் செய்தி வந்தது.

"அக்கா, அத்தை போயிட்டாங்க."

அடுத்தடுத்து வந்தன. "ஓவன்கிட்ட அந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தாங்க. நான் தூங்கறாங்கன்னு நெனச்சேன்." "கேக் எடுக்கணும், தள்ளிக்குங்கன்னு சத்தம் போட்டேன்க்கா." "நான் அவங்களைத் திட்டினதெல்லாம் உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். ஏதாவது சொல்லுங்கக்கா."

பழக்கத்தில் மேஸ்திரியின் விரல் பழைய பேச்சுகளுக்குப் போனது. எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கை வைத்திருந்த மனிதர் இதற்கு ஒன்றும் எழுதிவைக்கவில்லை. எழுதியிருந்தாலும், தவித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு இரவல் வார்த்தையைக் கொடுப்பது பாவம். அதோடு, இது அவருக்குத் தெரியாத விஷயம். பக்கத்திலேயே இருந்தும் கைநழுவ விட்டுவிட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு என்ன தெரியும்? இவளுக்குத்தான் தெரியும்.

'அவர்' என்று தொடங்கினாள். எந்த அவர் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிப் புரியும்? அழித்தாள். மறுபடி எழுதினாள்.

"உங்க அக்காவும் போயிட்டாங்கம்மா. மூணு மாசமாச்சு. தண்ணி கேட்டாங்க. நான் கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. நானும் அதுக்கு முன்னாடிதான், வெட்டு கோணலா இருக்குன்னு திட்டியிருந்தேன்."

இதை அனுப்பினால் அவர் இங்கேயும் இல்லாமல் போய்விடுவார். விரல் வெகுநேரம் திரைக்குமேல் நின்றது. பிறகு அழுத்திவிட்டு, மூன்று மாதமாக அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து, அட்டைக் கட்டின்மேல் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள்.

கைப்பேசி அதிர்ந்தது.

"அக்கா போயிட்டாங்களா? என்ன சொல்றீங்க? அப்ப நீங்க யாரு?"

'நான்' என்று எழுதிப் பார்த்தாள். அவருக்கு அவ்வளவு கைகொடுத்த சொல், இப்போது மட்டும் போதவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளில் முதன்முறையாகத் தான் யார் என்பதை எழுதினாள்.

"அக்காவோட பொண்டாட்டி."