அரக்கு என்று நம்பி எடுத்த பச்சை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறோம். மொத்தம் நாற்பத்தொரு பேர், எண்ணியிருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறு நாற்பதுக்கு, சத்தியநேசன் சார் போர்டில் நாலு கட்டம் போட்டார். "நிறக்குருடு. தாத்தாகிட்ட இருந்து மக வழியாப் பேரனுக்கு. வருஷா வருஷம் கேக்குறான், எழுதிக்கோங்க" என்றார். நாற்பது பேர் எழுதினோம். மூன்றாம் பெஞ்சில் ஓரமாக இருந்த பெண் மட்டும் எழுதவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஏன் எழுதவில்லை? அன்றிரவு நாட்குறிப்பில் இந்தக் கேள்வியை எழுதி, பக்கத்தில் இரண்டு கோடு போட்டேன். பதில் தெரியாதபோது நான் கோடு போடுவது வழக்கம். பிறகு பதிலை நானே உண்டாக்க ஆரம்பித்தேன்.

அவளுக்கு முனீஸ்வரி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளுக்கு நான் கொடுத்த தாத்தாவும் அம்மாவும் தம்பியும் கற்பனை. போர்டில் இருந்த கட்டம் மட்டும் நிஜம்.

2

முதல் தொடக்கம்: "தேவதானம் மாந்தோப்பில் அதிகாலைப் பனி மெல்ல" (அடித்துவிட்டேன். மாம்பழக் காலத்தில் பனி ஏது?)

இரண்டாம் தொடக்கம்: "மனித உடலில் இருபத்து மூன்று ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. அவற்றுள்" (இதையும் அடித்துவிட்டேன். இது கதை இல்லை, நோட்ஸ்.)

மூன்றாவது தொடக்கம் ஒரு சேலை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் முனீஸ்வரிக்குச் சடங்கு வைத்தார்கள். அவள் அம்மா வெள்ளைத்தாயின் அப்பா இருளப்பசாமி, தேவதானத்தில் மாந்தோப்புக்காரர், தாய்வீட்டுச் சீரோடு வந்து இறங்கினார். தட்டில் இருந்த பட்டுச்சேலையைப் பார்த்ததும் பந்தலில் பேச்சு நின்றுபோனது. சேலை பாசிப்பச்சை.

வெள்ளைத்தாய் வாழ்க்கைப்பட்ட வீட்டில் விசேஷத்துக்குப் பச்சை ஆகாது. எப்போதோ ஒரு கல்யாணத்தில் பச்சை கட்டிய பெண் மூன்றாம் நாள் மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டாளாம். எந்தத் தலைமுறை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனாலும் ஆகாது என்றால் ஆகாதுதான். இருளப்பசாமிக்கும் அது தெரியும். அரக்குக் கலரில் எடுக்கும்படி மகள் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அரக்குத்தான எடுத்தாந்திருக்கேன்" என்றார் அவர்.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று சம்பந்தி வீட்டுக் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

இருளப்பசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து வெள்ளைத்தாய் தன் அப்பாவிடம் நேராகப் பேசுவதில்லை. வருவார், போவார், அதில் குறையில்லை. அவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, "அவியள சாப்பிடச் சொல்லு முனீஸு" என்பாள். அவர் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, "பசிக்கலன்னு சொல்லு" என்பார். நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லியே முனீஸ்வரி வளர்ந்தாள்.

3

இப்போது வகுப்புக்குத் திரும்புகிறேன். கொஞ்சம் பாடம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகத்தான் சொல்வேன்.

பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கும் விவரம் எக்ஸில் இருக்கிறது. பெண்ணுக்கு ஒரு எக்ஸில் பழுது இருந்தாலும் இன்னொன்று பார்த்துக்கொள்ளும். "ஸ்டெப்னி டயர் மாதிரி" என்றார் சார். "ஆம்பளைக்கு ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர்னா பஞ்சர்தான்."

பழுது உள்ள ஒரு தாத்தா, தன்னிடம் இருக்கும் ஒரே எக்ஸை மகளுக்குத்தான் கொடுக்க முடியும். அவளிடம் வெளியே ஒன்றும் தெரியாது, எல்லா நிறத்தையும் சரியாகப் பார்ப்பாள். ஆனால் அவள் அதைச் சுமப்பாள். அவள் பெறும் பையனுக்கு அது வரலாம், வராமலும் போகலாம். சரிபாதி வாய்ப்பு.

முனீஸ்வரி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அதற்குள் ஒரு பாசிப்பச்சைச் சேலை தெரிந்தது. 'தாத்தா பொய் சொல்லல. அவரு கண்ணுக்கு அது அரக்குதான்.' அடுத்த நொடியே வரிசையை மனதுக்குள் எண்ணினாள். தாத்தா, மகள், பேரன். பேரன் என்றால் அவள் தம்பி கௌதம்ராஜ்.

கௌதம்ராஜ் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே ரயில் இன்ஜின் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதி எல்லாவற்றிலும் தேறிவிட்டான். அடுத்த வாரம் வியாழக்கிழமை மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. நிறம் பிரிக்கத் தெரியாதவனுக்கு இன்ஜினில் இடம் கிடையாது. ஆனால் அவன் தெருவுக்கே மிட்டாய் கொடுத்து முடித்துவிட்டான். மில்லிலும் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டான். வருகிற திங்கட்கிழமை அவன் மிஷினுக்கு வேறு ஆள் வருகிறான். அதற்குள் சொன்னால் மில் வேலையாவது மிஞ்சும். சொல்லாமல் விட்டால் இரண்டும் போகும்.

சொல்வதா? ஒன்றும் இல்லாததற்குச் சொல்லி அவனைப் பயமுறுத்துவதா?

4

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன்.

இருளப்பசாமியின் மகன் சேதுபதி, முனீஸ்வரியின் தாய்மாமா, ராஜபாளையம் மார்க்கெட்டில் பச்சைத் தக்காளியைப் பழுத்த தக்காளி என்று சொல்லி விற்று அடிவாங்கப் போவதாக இரண்டரைப் பக்கம் எழுதினேன். நல்ல சிரிப்பு. தராசுத் தட்டெல்லாம் பறந்தது. அப்பாவுக்கு இருப்பது மகனுக்கும் இருக்கும்தானே என்று நினைத்துவிட்டேன்.

பிறகு என் நோட்ஸில் சரிபார்த்தேன். அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய். எக்ஸ் அம்மாவிடமிருந்து வருகிறது. தோப்பு முழுவதையும் மகன் பேருக்கு எழுதிக்கொடுத்த இருளப்பசாமியால், அன்றைக்கே மகளிடம் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிய இருளப்பசாமியால், இதை மட்டும் மகனுக்குக் கொடுக்கவே முடியாது. இது மகளுக்குத்தான் போகும்.

இரண்டரைப் பக்கமும் போயிற்று. சேதுபதி மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் தக்காளி நல்ல தக்காளிதான்.

(இப்படிப் பாடமே வந்து கதையைத் திருத்தினால் நான் எதற்கு இருக்கிறேன் என்று ஒருநாள் முழுக்கச் சந்தேகமாக இருந்தது. மறுநாள் தொடர்ந்தேன்.)

5

ஞாயிற்றுக்கிழமை காலை முனீஸ்வரி தேவதானத்துக்குப் பஸ் ஏறினாள். பகலில் அவள் நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை பார்க்கிறவள். அங்கிருந்து மூன்று நூல்கண்டுகளை எடுத்து வந்திருந்தாள்: அரக்கு, பாசிப்பச்சை, காப்பிக்கலர். மூன்றும் ஒரே அளவு அழுத்தமான சாயம்.

இருளப்பசாமி தோப்பில் உட்கார்ந்து பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் காம்புப் பக்கம் மோந்து பார்த்து இந்தக் கூடை, அந்தக் கூடை என்று போடுவார். அந்த மூக்குக்கு அந்தப் பக்கம் பெரிய பேர்.

"தாத்தா, இதுல அரக்கு எது, சொல்லுங்க."

"ஏட்டி, காலையிலேயே வெளையாட வந்துட்டியா?"

"சும்மா சொல்லுங்க."

மூன்றையும் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "எல்லாத்துலயும் மிஷின் எண்ணெ வாசந்தான் அடிக்கி."

"மோந்து இல்ல தாத்தா, பாத்து!"

"பாத்தா மூணும் ஒண்ணுதான? ஒரே கலர்ல மூணக் கொண்டாந்துட்டு எது எதுன்னா?"

முனீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அதோடு பயமும் வந்தது. "பழுத்திருக்குன்னு கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க மாட்டியளா?"

"மாம்பழத்தக் கண்ணால பாக்குறவன் ஒரு ஏவாரியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பழம் மோந்து பார்ப்பதை நிறுத்தினார்.

"அப்ப அன்னைக்கு நான் கொண்டாந்தது நெசமாவே பச்சையா?"

"ஆமா தாத்தா. கடைக்காரன் கூடவா சொல்லல?"

"அவன எங்க பேசவிட்டேன்? தடவிப் பாத்து எடுத்தேன். நயம் பட்டு." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்புட்டுப் பேரும் சேந்து பொய் சொல்லுதாவன்னு நெனச்சிருந்தேன், பதினோரு வருசமா. எம் மகளும் சேந்துக்கிட்டாளேன்னுதான்..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்துப் பார்த்தேன், நான்கு விதமாக. அவர் விட்ட இடமே சரி.

இந்த மூக்கும் பேரனுக்கு வருமா என்று சார் போட்ட கட்டத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. கண் அவருக்குப் பிறப்பிலேயே வந்தது. மூக்கை அவர் ஐம்பது வருஷம் பழக்கி உண்டாக்கியிருக்கிறார். கட்டத்தில் அடங்காதவற்றுக்கு என் நோட்டில் தனிப்பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். இதுதான் அதில் முதல் வரி.

6

அடுத்த பஸ்ஸிலேயே தாத்தாவும் பேத்தியும் ராஜபாளையம் வந்தார்கள். தாத்தா கையில் ஒரு பை மாம்பழம்.

"அவியள உக்காரச் சொல்லு" என்றாள் வெள்ளைத்தாய்.

முனீஸ்வரி சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி, ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் கட்டம் போட்டு விளக்கினாள்.

"இது எந்த சோசியர் போட்டது?"

"சயின்ஸும்மா."

எல்லாம் கேட்டபின் வெள்ளைத்தாய் கேட்டாள்: "அப்ப எங்கிட்டயும் இருக்கா?"

"இருக்கும்மா. ஆனா உனக்கு ஸ்டெப்னி இருக்கு, வெளிய தெரியாது."

அம்மா கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாளா, அழுவாளா என்று முனீஸ்வரிக்குப் புரியவில்லை.

"அவியகிட்ட ஒண்ணு கேளு. தோப்பு அம்புட்டையும் மகனுக்கு எழுதிவச்சாவளே, இத மட்டும் மகளுக்குன்னு பத்திரமா எடுத்து வச்சிருந்தாவளான்னு கேளு."

இருளப்பசாமி காலண்டரைத் தேடினார். அது கிழிபட்டுக் கீழே கிடந்தது. வேறு வழியில்லாமல் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்: "இதையும் அவனுக்கே குடுத்திருப்பேன். கட்டம் விடலையாம்னு சொல்லு."

வெள்ளைத்தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

7

பகல் ஷிப்ட் முடிந்து கௌதம்ராஜ் வரும் நேரம். இனி முடிவு.

முதலில் அந்தப் பழைய சேலையைக் கட்டிலில் விரித்து, "ஏலே, இது என்ன கலரு?" என்று அம்மா கேட்பதாக எழுதினேன். அழகாக இருந்தது. ஆனால் அந்தச் சேலை பச்சை என்று அந்தத் தெருவுக்கே தெரியும், அவனுக்குத் தெரியாதா? (அடித்துவிட்டேன்.) நூல்கண்டுதான் நியாயமான பரீட்சை.

முடிவு அ: மூன்றையும் வாங்கிப் பார்த்து, "இது அரக்கு, இது பாசிப்பச்சை, இது காப்பி. எதுக்கு, எனக்கு நைட்டி தைக்கப் போறியா?" என்கிறான். எல்லோரும் மாம்பழம் சாப்பிடுகிறார்கள். என் சந்தேகம்: ரொம்ப இனிப்பு. பால்கோவாக் கடைக்கு மேலே உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் வரும்.

முடிவு ஆ: "எதுக்குக்கா ஒரே கலர்ல மூணு?" என்கிறான். இருளப்பசாமி துள்ளி எழுந்து, "பாத்தியா! நானும் அதத்தான சொன்னேன்!" என்கிறார். வாழ்நாளில் முதல்முறையாக நிற விஷயத்தில் அவர் கட்சிக்கு ஓர் ஆள். அப்புறம்தான் எல்லோருக்கும் விஷயம் உறைக்கிறது. கௌதம்ராஜ் மில்லுக்குப் போன் போடுகிறான். இதிலும் எனக்குச் சந்தேகம்: முதல் பாதி சிரிப்பு இரண்டாம் பாதியைத் தாங்குமா?

ஆதாரம் பார்க்கலாம் என்று இரண்டு பத்தி போட்டேன். இடதுபக்கம்: நாலாம் வகுப்பில் தென்னை ஓலைக்குக் காப்பிக்கலர் அடித்து ரோஷன் என்ற பையனிடம் கேலி வாங்கினான். வலதுபக்கம்: புல்லுக்குள் விழுந்த சிவப்புப் பந்தை முதலில் எடுப்பவன் அவன்தான். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று.

முனீஸ்வரிக்கு இன்னொன்றும் தோன்றியது. சார் போட்டது நாலு கட்டம். இரண்டு மகனுக்கு, இரண்டு மகளுக்கு. மகளுக்கான இரண்டில் ஒன்றிலும் அந்தப் பழுது இருந்தது. தம்பிக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவளுக்கு மூன்று நூல்கண்டும் மூன்று நிறமாகத் தெளிவாகத் தெரிகிறது. அவளும் அம்மாவைப் போல அதைச் சுமக்கிறாளா என்று எந்த நூல்கண்டும் சொல்லாது. 'சரி, எனக்குப் பொறக்குற பய ரயில் ஓட்டணும்னு கேக்கும்போது பாத்துக்கலாம்' என்று நினைத்து அதை ஓரமாக வைத்தாள். நானாக இருந்தால் அப்படி வைத்திருக்க மாட்டேன். நாலு பக்கம் எழுதியிருப்பேன். அந்த விஷயத்தில் அவள் என்னைவிடத் தேவலை.

8

நேற்று வகுப்பு முடிந்ததும் துணிந்து மூன்றாம் பெஞ்சுப் பெண்ணிடம் போனேன்.

"அன்னைக்குக் கட்டம் போட்டப்ப நீங்க மட்டும் ஏன் எழுதல?"

"ரீபில் தீந்துபோச்சுக்கா. உங்க நோட்டக் குடுங்களேன், காப்பி பண்ணிட்டுத் தாரேன்."

கொடுத்துவிட்டேன். கட்டத்துக்குப் பின்பக்கம்தான் இந்தக் கதை இருக்கிறது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இன்று மாலை நோட்டு திரும்பி வந்தது. அவள் பெயர் ஜூடியாம்.

"அக்கா, அந்தத் தம்பி என்ன சொன்னான்?"

"தெரியல" என்றேன்.

"தெரியாமலா எழுதுனீங்க? நீங்கதான எழுதுறீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் பாதிக்குப் பாதி என்று கட்டமே சொல்லும்போது, எனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொள்வது மோசடி மாதிரி இருக்கிறது. அதை அவளிடம் சொன்னேன். ஜூடி பையிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துச் சுண்டி, கையால் மூடினாள். "பூன்னா ரயில், தலைன்னா மில்லு. பாக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். மூடிய கையோடேயே படியிறங்கிப் போய்விட்டாள்.

9

ஆகவே உங்களிடம் விடுகிறேன். உங்களிடமும் ஒரு ரூபாய் இருக்கும். என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்:

கௌதம்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அக்கா விஷயத்தை மறைக்காமல் சொன்னாள், திங்கட்கிழமை கெடு உட்பட. அவன் முகம் ஒருமுறை சுருங்கியது. பிறகு, "குடு, பாப்போம்" என்று கையை நீட்டினான். மூன்று நூல்கண்டையும் உள்ளங்கையில் வைத்து, வாசல் வெளிச்சத்துக்குப் போனான். இருளப்பசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த பதிலைச் சொல்லிவிட அவர் வாய் திறந்தது.

"யப்பா, செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள் வெள்ளைத்தாய், பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்து. "அவனே சொல்லட்டும்."