யார் ஜாடை

தெர்மாமீட்டர் பட்டறையில் பாதரசம் நிரப்பியவளுக்குப் பிறந்த பையனுக்கு முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி இருந்தது. குளிப்பாட்டிய நர்ஸ் அதில் தன்னையே பார்த்து வீலென்று கத்தினாள். பிறகு கலைந்திருந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். அந்தப் பட்டறையில் குழாயின் வாயை உருக்கி மூடும் தீ ஆடக்கூடாதென்று ஜன்னல்களைத் திறப்பதில்லை. சிந்திய பாதரசம் மேசையில் ஓடும், சேலை மடிப்பில் தங்கும். வீட்டில் சடையை அவிழ்த்தால் தலையணையில் மணிமணியாக உருளும். நாலாம் மாதத்தில் அவள் சூப்பர்வைசரிடம் போய், "வயித்துல புள்ள இருக்கு சார், வேற வேலைக்கு மாத்திவிடுங்க" என்று கேட்டாள். "பாதரசம் என்ன, உன்னைக் கடிச்சா வைக்குது?" என்றார் அவர். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

கழுத்து நிற்காது, காது கேட்காது, பட்டறையில் சுவாசித்த பாதரசம் ரத்தத்தில் கலந்து வயிற்றுப் பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. மாமியார் குனிந்து பார்த்து, அப்படியே என் ஜாடை என்றாள். புருஷன் குனிந்து பார்த்து, இல்லை, என் ஜாடை என்றான். சூப்பர்வைசர் ஆப்பிள் பையோடு வந்து தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும்வரை இந்தச் சண்டை சந்தோஷமாகவே நடந்தது. பக்கத்தில் நின்ற புருஷன் பிள்ளையின் முகத்தில் அவரைக் கண்டான், மீசை உட்பட.

"உங்க மூஞ்சியும்தானே தெரிஞ்சுது?" என்று அவள் அழுதாள்.

"என் மூஞ்சி தெரியறது நியாயம். அவன் மூஞ்சிக்கு இங்க என்னடி வேலை?"

அன்று சாயங்காலமே அவள் பிள்ளையோடு தெருவில் நின்றாள். போக்கிடம் இல்லாமல் பழைய மேசைக்கே திரும்பி, பையனை அட்டைப்பெட்டியில் கிடத்திக் காலடியில் வைத்துக்கொண்டாள். வருஷங்கள் போயின; பெட்டிதான் பெரிதாயிற்று. வலிப்பு வந்தால் அவனுக்குள் தெரிந்த முகங்களெல்லாம் உதறின. நேராகப் பார்த்தால் அவளே தெரிந்தாள், சாய்ந்து பார்த்தால் சுவர் தெரிந்தது. ஒருமுறை சோறூட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள்: சின்ன மூக்கு, திறந்தபடி ஒரு வாய், ஈரமான இமைகள். அதன்பிறகு கண்ணை மூடியே ஊட்டினாள்.

வேலை முடிந்து கிளம்பும் பெண்கள் பெட்டியை இழுத்து வைத்துத் தலைவாரிக்கொள்வது வழக்கமாயிற்று. கைகழுவும் இடத்துக் கண்ணாடி உடைந்தபோது, புதிது தேவையில்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அந்த வாரம் பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்தவள் ஆறு மாதக் கர்ப்பிணி. குனிய முடியாமல் முட்டிபோட்டு, பையனின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, வகிடு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வேலைக்கு உட்கார்ந்தாள்.