கறுப்பு ஒயர்

என் வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸுக்கு ஒரு வியாதி உண்டு. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒயர் கண்ணில் படக் கூடாது. கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பூட்டித் தருகிற மற்றவர்கள் ஒயர்களைச் சுருட்டி ஒரு மூலையில் திணித்து, மூடியைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இவர் ஒவ்வொன்றையும் தகட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோவார். வகிடு எடுத்த மாதிரி வரிசையாகப் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுவார். வெட்டின முனை விரலில் குத்துகிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் மூடுவார். மூடினபின் அதை யார் பார்க்கப் போகிறார்கள்? கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறேன், பதில் வந்ததில்லை.

கொரோனா வருஷத்து டிசம்பர் அது. ஊரடங்கில் படுத்த எங்கள் கடை அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தது. அதற்குள் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கிவிட்டது. இன்றைக்கு மறியல், நாளைக்கு மனு கொடுக்க ஊர்வலம், பஸ் ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. யாருக்கு எத்தனை சதவீதம் என்று டீக்கடையில் கத்திக்கொண்டிருந்தார்கள். தன் பிள்ளைக்கு ஒரு சீட், ஒரு வேலை கிடைக்காதா என்கிற ஏக்கம் எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் ஷட்டரை இறக்கியும் ஏற்றியும் என் தோள்பட்டை விட்டுப்போயிற்று. அலுப்பு என்றால் அப்படி ஒரு அலுப்பு.

சுபஸ்ரீ கரியாலூரில் வாழ்க்கைப்பட்டவள். மலைமேல் உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கிற ஸ்டுடியோக்களுக்குக் கல்யாண வீடியோ எடிட் செய்து தருகிறவள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் ஒரு பாட்டு ஓடுவதற்குள் பத்துத் தடவை நின்றுவிடும். புதிதாக ஒன்று பூட்டச் சொன்னாள். பழைய ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"அக்கா, இதுல தியாகதுருகத்துக் கல்யாணம் ஒண்ணு இருக்குது. பொண்ணோட அப்பா கொரோனா வந்து ஆஸ்பத்திரில கெடந்தாரு. இருக்கிறது ஒரே பொண்ணு, அது கல்யாணத்த அவரு பாக்கல. இப்ப வூட்டுக்கு வந்துட்டாரு. எப்ப வீடியோ, எப்ப வீடியோன்னு கேட்டுக்கினே இருக்காரு. ஸ்டுடியோக்காரங்க கேமரா கார்ட அடுத்த கல்யாணத்துக்குன்னு அழிச்சிட்டாங்க. இது ஒண்ணுதான் இருக்குது."

கம்ப்யூட்டர் சீக்கிரமே தயாராகிவிட்டது. பழைய டிஸ்கையும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மணப்பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சென்னையிலிருந்து வருகிற புது டிஸ்கில் எல்லாவற்றையும் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. கடையில் கிடந்த டிஸ்குகளில் அவ்வளவு இடம் கிடையாது. பார்சல் லாரியோ உளுந்தூர்பேட்டை மறியலில் மாட்டிக்கொண்டது. சுபஸ்ரீயாலும் மலையிலிருந்து இறங்க முடியவில்லை.

சும்மா இருக்க அவருக்குக் கை வராது. முடிந்த வேலையை மறுபடி திறந்தார். கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி புதிது. அதோடு வந்த ஒயர்கள் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணை உறுத்தினவாம். வேறொரு கம்பெனிப் பெட்டியிலிருந்து எப்போதோ கழற்றிப் பத்திரப்படுத்தியிருந்த கறுப்புப் பின்னல் ஒயர்களை எடுத்து மாட்டினார். முனை சரியாகப் பொருந்தியது. பின்பக்கம் அத்தனை ஒழுங்காகக் கட்டி, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் "நல்லா இருக்குதுங்க" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஸ்விட்சைப் போட்டதும், உள்ளே மாட்டியிருந்த சுபஸ்ரீயின் பழைய டிஸ்கிலிருந்து கருகின வாசனை வந்தது.

முனை பொருந்தினால் போதாது. கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கரண்ட் வருகிற வரிசை மாறும். ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருந்தது. அவருக்குத் தெரியாத விஷயமா இது? யாராவது கேட்டால் அரைமணி நேரம் பாடம் எடுப்பார். அழகு கண்ணை மறைத்துவிட்டது. செத்த டிஸ்குகளிலிருந்து படம் எடுத்துத் தருகிற சென்னை நண்பர் ஒருவருக்குப் போட்டோ அனுப்பினார். "ஆச வெக்காத தாஸு" என்று பதில் வந்தது.

கறுப்பு ஒயர்களைக் கழற்றிவிட்டு, பழையபடி சிவப்பும் மஞ்சளும் மாட்டினார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

"சுபஸ்ரீ மூஞ்சில எப்டி முழிப்பேன் மார்கரெட்?"

"பழைய டிஸ்க்குதானங்க. தானா போயிடுச்சின்னு சொல்லுங்க. ஸ்டுடியோக்காரங்க காதுல வுழுந்தா அப்புறம் ஒருத்தன் நம்ம கடப்பக்கம் வருவானா?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

சுபஸ்ரீ வந்தாள். பஸ்ஸைக் கச்சிராயபாளையத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். பாதி தூரம் பால் வண்டியில் தொற்றிக்கொண்டு, மிச்சத்தை நடந்து வந்திருந்தாள். புடவைக் கரையெல்லாம் புழுதி. தண்ணீர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, நான்தான் ஆரம்பித்தேன்.

"பழைய டிஸ்க்கு ஓடலமா."

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"நான்தான்க்கா," என்றாள். "அன்னிக்கு மலய எறங்கறப்ப பஸ்ஸுல மடியிலருந்து நழுவிக் கீழ வுழுந்துச்சி. உங்ககிட்ட சொல்லாம வுட்டுட்டேன். நானே கெடுத்துட்டேன்."

அவள் கீழே போட்ட பிறகும் அது நன்றாக ஓடியது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நல்லதாகப் போயிற்று என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிழிந்தாள்.

"நீ இல்லமா," என்றார் அவர். "நான்தான் எரிச்சிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வருஷக்கணக்காக வாயைத் திறக்காத மனுஷன், திறக்கக் கண்டுபிடித்த நேரத்தைப் பாருங்கள். ஒன்று விடாமல் சொன்னார். கறுப்பு ஒயர்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எதுக்குண்ணா மாத்தனீங்க?"

"அழகா இருக்கும்னு."

"உள்ளதான இருக்குது? மூடனப்புறம் யாருண்ணா பாக்கப் போறாங்க?"

நான் தினம் கேட்கிற கேள்விதான். அவள் வாயிலிருந்து வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. அவர் தலை நிமிரவில்லை. அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, கத்துவதற்குத் தெம்பில்லாமல் நின்றாள். பிறகு போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, அவரிடம் நீட்டினாள்.

"பொண்ணோட அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்கண்ணா. என்னால முடியல."

வாங்கினார். மணி போய்க்கொண்டிருந்தது. அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. உண்மையைச் சொல்லிவிட்டு இப்போது வாயடைத்து நிற்கிறார், எல்லாம் என் தலையில்தான் வந்து விடியும். வெடுக்கென்று போனைப் பிடுங்கிக் காதில் வைத்தேன்.

"அம்மாடி சுபஸ்ரீ!" என்றது ஒரு ஆண் குரல். ஒரு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கியது. "இப்பதான் உன்ன நெனச்சேன். டிவில போட்டுப் பாக்கறதுக்கு ஆள வெச்சி எல்லாத்தையும் மாட்டிட்டேம்மா. சொந்தக்காரங்களக்கூட வரச் சொல்லிட்டேன். எப்பம்மா கொண்டார?"

மேசைமேல் கிடந்த கறுப்பு ஒயர்களை ஓரமாகத் தள்ளினேன்.

"சுபஸ்ரீ இல்லைங்க," என்றேன். "கள்ளக்குறிச்சி கம்ப்யூட்டர் கடையிலருந்து பேசறேன். மொதல்ல கொஞ்சம் ஒக்காருங்க ஐயா."