காய்ச்சல் வரிசை

விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் சவரிமேரியின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. தலையைக் கிள்ளு, ஓட்டை உரி, முதுகைக் கீறிக் குடலை இழு, டிரேயில் போடு. ஐஸ் தண்ணீரில் ஊறிய இறால். முள் குத்திய இடமெல்லாம் எரிந்தது. முதுநகரில் இருந்த அந்த இறால் கம்பெனியில் நாற்பது பெண்கள் தோளோடு தோள் உரச நின்று உரித்தார்கள். ஈ வரும் என்று ஜன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள். ஒருத்தி இருமினால் அந்த மூச்சு நாற்பது பேருக்கும் பங்கு.

மேரிக்கு வலப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அது இருசம்மாளின் இடம். அவள் செத்துப் பதினோரு நாள் ஆகிறது. ஆனாலும் குனிந்து உரிக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து, முந்தானையைக் கடித்து அடக்கிய அந்த இருமல் கேட்கத்தான் செய்தது. ஆண்டவரே என்று மேரி சிலுவை போடப்போவாள். கை முழுக்க இறால் ஓடு.

ஃப்ளூ பரவுகிறது என்றதும் முதலாளி தில்லைநாதன் செய்தது ஒன்றே ஒன்றுதான். கேட்டில் வாட்ச்மேன் கையில் சூடு பார்க்கும் கருவியைக் கொடுத்தார். நெற்றிக்கு நேரே நீட்டுவான். சிவப்பு எரிந்தால் வீட்டுக்கு, கூலி கிடையாது. மூன்று நாள் வராவிட்டால் இடமும் கிடையாது. பெண்கள் அதற்கும் வழி கண்டார்கள். கேட்டுக்கு வெளியே லாரி ஐஸ் இறக்கும் இடத்தில் உடைந்த துண்டுகள் கிடக்கும். ஒன்றை நெற்றியில் அழுத்தி, ஈரத்தைத் துடைத்துவிட்டு நின்றால் பச்சை எரியும். பெரிய கெட்டிக்காரத்தனம்! கண்டுபிடித்தவளே சவரிமேரிதான்.

சாவதற்குச் சில நாள் முன்பு, கேட்டுக்கு வெளியே நின்ற இருசம்மாளின் நெற்றி அடுப்புக்கல்லாகச் சுட்டது. ஏற்கெனவே சர்க்கரை நோய்க்காரி.

"முடியல மேரி, வூட்டுக்குப் போறேன்."

"ரெண்டு நாளு வராம நின்னுட்ட. இன்னிக்கும் வரலன்னா இடம் போயிடும்டி. இத வச்சிக்க."

தன் கையாலேயே அழுத்தினாள் மேரி. பச்சை எரிந்தது. நாலாம் நாள் மூச்சு வாங்கி, இருசம்மாள் இறால் குவியல்மேலேயே சரிந்தாள். ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். அதற்குள் அக்கம்பக்கத்தில் நின்ற ஒன்பது பேருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது.

இன்று சுகாதார நர்ஸ் எழிலரசி வந்திருந்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் சொன்னாள்.

"ஜன்னலத் தெறங்க சார், வலை அடிச்சா ஈ வராது. ரெண்டு கை தூரம் தள்ளித் தள்ளி நிக்க வைங்க. தடுப்பூசிக்கு நான் ஏற்பாடு பண்றேன். காய்ச்சக்காரங்க வூட்ல இருக்கணும். மாத்திரை போடாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லன்னாதான் வேலைக்கு வரணும்."

"நாந்தான் கேட்லயே நிறுத்துறேனே மேடம். ஒரு மாசமா சிவப்பே எரியல. இருசம்மா வெளிய எங்கியோ வாங்கிட்டு வந்துது."

மேரி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இல்ல சார். காய்ச்சலோடத்தான் உள்ள வந்துது. நாந்தான் அது நெத்தில ஐஸ் வச்சேன்."

பின் வரிசையிலிருந்து ஆரோக்கிய அனிதாவின் குரல் வந்தது.

"நானும் என் நெத்தில வச்சேன்க்கா. எல்லாருந்தான் வச்சோம்."

"ஏமாத்துனது நீங்க, பழி எனக்கா?" என்று கத்தினார் தில்லைநாதன்.

"கூலி இல்லாம கெடன்னா யாரு சார் நெசத்தச் சொல்லுவா? காய்ச்ச நாளுக்குக் கூலி குடுங்க, இடத்தப் புடுங்காதீங்க. யாரும் ஐஸ் தொட மாட்டோம்" என்றாள் மேரி.

"இஷ்டமில்லன்னா போய்க்கிட்டே இருங்க. நாளைக்கே வேற ஆளு வரும்."

வேலை முடிந்ததும் ஐஸ் இறக்கும் இடத்திலேயே கூடி நின்று பேசினார்கள். பயந்தவர்களும் இருந்தார்கள், பயம் இல்லை என்று யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் விடியலில் ஐஸ் துண்டுகள் எடுப்பாரில்லாமல் மண்ணில் கரைந்துகொண்டிருந்தன. அனிதாவின் கண்கள் சிவந்திருந்தன. வாட்ச்மேன் கருவியை நீட்டினான். சிவப்பு எரிந்தது.

"வூட்டுக்குப் போ."

அவள் விலகி நின்றாள். அடுத்து சவரிமேரி. பச்சை. கேட் திறந்தது, அவள் உள்ளே போகவில்லை. அனிதாவிடமிருந்து இரண்டு கை தூரம் தள்ளிப் போய் நின்றாள். அடுத்தவளுக்கும் பச்சை, அவளும் அப்படியே. நர்ஸ் சொன்ன அதே தூரம். உள்ளே தோளோடு தோள் நின்றபோது ஒரு கூடத்துக்குள் அடங்கியவர்கள், வெளியே தள்ளித் தள்ளி நின்றதும் தெருமுனையைத் தாண்டி நீண்டார்கள்.

தில்லைநாதன் கேட்டுக்குள்ளே போனில் ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு ஆள் வரலாம், வராமலும் போகலாம்.

மேரியின் வலப்பக்கம் இருந்த இடைவெளியில் மறுபடியும் அந்த இருமல் கேட்டது. இந்த முறை அது முந்தானைக்குள் அடங்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு அனிதாவைப் பார்த்தாள்.

"நீ போய்ப் படு அனிதா. ஒன் எடத்த யாரும் எடுக்க முடியாது. நாங்க நிக்கிறோம்."