சித்தி மகன்

எர்லான் கடைசியாகச் செய்த சாதாரணக் காரியம், இரண்டாவது தட்டு பன்றிக் குழம்பு கேட்டது. சனிக்கிழமை காலை பதினொன்றேகால் மணி. லா பாஸ் நகரத்தில் ஒரு நீண்ட படிக்கட்டின் அடியில் ஐந்து மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. முதல் தட்டில் கிடந்த கறுத்த காய்ந்த உருளைக்கிழங்குகளை மட்டும் பொறுக்கி எதிரே இருந்த அடெமாரின் தட்டுக்கு மாற்றிவிட்டு, காலித் தட்டைக் கடைக்கார அம்மாவிடம் நீட்டினான்.

"போதும் சார்," என்றாள் அந்த அம்மா. "நேத்துதான் கீழேயிருந்து வந்திருக்கீங்க, மொகத்துலயே தெரியுது. இந்த ஒசரத்துல வயித்த நெறச்சா நெஞ்சு தாங்காது."

"அம்மா, நான் மாட்டு டாக்டர். முப்பது வருஷமா மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கைய விட்டு எடுத்தவன். எனக்கு வயித்தப் பத்திப் பாடம் எடுக்காதீங்க, கொழம்ப ஊத்துங்க."

"மாட்டுக்கு நாலு வயிறு சார். உங்களுக்கு ஒண்ணுதான்."

"வெளியிலேருந்து பார்த்தா அப்படியா தெரியுது?" என்று எர்லான் தன் தொந்தியைத் தட்டிக் காட்டினான். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபின் ஊற்றாமல் இருக்க முடியவில்லை. அவனிடம் இதுதான் தொல்லை. ஆளைச் சிரிக்க வைத்தே காரியத்தைச் சாதித்துக்கொள்வான்.

அடெமார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "எர்லான், பன்னெண்டு மணி."

"தெரியும் வாத்தியாரே. பன்னெண்டு மணி எங்கயும் ஓடிப்போயிடாது."

அன்று ஜனவரி இருபத்திநாலு. அந்த நாளில், சரியாக நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, எதைக் குட்டியாக வாங்கிப் புகையில் காட்டுகிறோமோ அது வருஷத்துக்குள் பெரிதாக வந்து சேரும் என்று அந்த ஊரில் ஓர் ஏற்பாடு. முதுகு நிறைய மூட்டை சுமக்கும் எகேகோ என்ற மீசைக்காரக் குட்டிச் சாமி இந்த இலாகாவைப் பார்த்துக்கொள்கிறார். உள்ளங்கை அளவு வீடு, கட்டைவிரல் அளவு லாரி, டாக்டர் பட்டம், அமெரிக்க விசா எல்லாம் சந்தையில் குவித்து வைத்திருப்பார்கள். நம் நாட்டு அலுவலகங்களில் பத்து வருஷம் நடந்தாலும் கிடைக்காததை ஒரே வருஷத்தில் முடித்துக் கொடுக்கிறவரை ஏன் இன்னும் ஜனாதிபதி ஆக்கவில்லை என்பதுதான் அடெமாருக்குப் புரியாத விஷயம்.

அந்தச் சந்தையில் ஒரு மேசை போட்டுக் கல்யாணமும் செய்து வைக்கிறார்கள். பெயரைச் சொன்னால் விரல் நீளச் சான்றிதழ், அதில் ஒரு முத்திரை, தலையில் ஒரு கைப்பிடி பூவிதழ். விளையாட்டுதான். ஆனால் பெயரைச் சொல்ல வேண்டும், பக்கத்தில் நிற்பவர் யார் என்றும் சத்தமாகச் சொல்ல வேண்டும். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அடெமார் கேட்டது அது ஒன்றைத்தான்.

"ஒரு ஃப்ரிட்ஜ் கேளேன், வாங்கித் தர்றேன்," என்றான் எர்லான் அப்போது.

"ஃப்ரிட்ஜ் இருக்கு."

"பெருசா கேளு. ரெண்டு கதவு வச்சது."

பத்தொன்பது வருஷமாக அடெமார் அவனுக்குச் சித்தி மகன். அடெமார் இலக்கியம் கற்பித்தது பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில். அந்த வேலையைக் காப்பாற்ற எர்லான்தான் ஒரு சித்தியை உற்பத்தி செய்தான். கீழே சமவெளியில், அவர்கள் இருவரும் வாழ்ந்த சாந்தா குரூஸில் உள்ள நம் ஜனங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை முகத்துக்கு நேரே கேட்டுவிடாத மரியாதையும் தெரியும். ஒரே வீடு, ஒரே நாய், ஒரே கட்டில். இருந்தும் அந்தச் சித்தி எந்த ஊர், உயிரோடு இருக்கிறாளா என்று ஒருவர்கூட விசாரித்ததில்லை. எர்லானின் தங்கை தெல்சி வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு "அண்ணனுக்கும் சித்தி மகனுக்கும்" என்று எழுதிப் பரிசு அனுப்புவாள். இல்லாத சித்திக்கு இருந்த குடும்பப் பாசம், இருக்கிற சித்திகளுக்குக்கூடக் கிடையாது. பாதிரியார் ஆறு வருஷத்துக்கு முன்பே இறந்துவிட்டார். அவருக்காகச் சொன்ன பொய் மட்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தது.

"சரி," என்று ஒருநாள் ஒப்புக்கொண்டான் எர்லான். "ஆனா இங்க வேண்டாம். மலைமேல போய்ச் சொல்றேன். அங்க நம்மள எவனுக்கும் தெரியாது."

அதற்காகத்தான் இந்த வார இறுதிப் பயணம். விமானத்தில் ஒரு மணி நேரம். கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் வாழ்கிற நம்மைப் போன்றவர்களைத் தூக்கி மேகத்துக்குள் வைத்துவிடுகிறார்கள். அங்கே இறங்கிய சமவெளிக்காரன் முதல் நாள் படுத்திருக்க வேண்டும், கோகா இலைத் தேநீர் குடிக்க வேண்டும், கஞ்சி போல லேசாகச் சாப்பிட வேண்டும். மலைக்காரர்கள் வாய் ஓயாமல் சொல்வார்கள். மலைக்காரன் சொன்னதைக் கேட்பதைவிட மயங்கி விழுவது மேல் என்று நினைக்காவிட்டால் அவன் சாந்தா குரூஸ்காரனே இல்லை.

வெள்ளிக்கிழமை மாலை, விடுதியில் இருந்த பெண் கோப்பையை நீட்டினாள். "குடிங்க சார். இல்லேன்னா ராத்திரி தலைவலி உயிரை வாங்கிடும்."

"இலை தழையெல்லாம் என்கிட்ட வர்ற நோயாளிங்க திங்கிறது தங்கச்சி. நான் அதுங்களுக்கு ஊசி மட்டும்தான் போடுவேன்."

அவள் சிரித்துக்கொண்டே பதிவேட்டைத் திறந்தாள். "கூட வந்திருக்கிறவர்?"

"சித்தி மகன்," என்றான் எர்லான், மூச்சு விடுவது போல.

அடெமார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அறைக்கு முன்னால் நடந்தான். கதவைச் சாத்தியதும் எர்லான் கையை விரித்தான்.

"என்ன மொறைக்கிற? நாளைக்குச் சொல்றேன்னுதானே பேச்சு? இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

இப்போது சனிக்கிழமை ஆகிவிட்டது. பதினொன்று நாற்பது. எர்லான் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"நீ வரப்போறதில்ல," என்றான் அடெமார்.

"இந்தா, ஒரே ஒரு எலும்பு."

"பன்னிக்குப் பின்னால ஒளிஞ்சு உக்காந்திருக்க. பத்தொம்பது வருஷமா ஏதாவது ஒண்ணுக்குப் பின்னாலதான் ஒளியிற. முதல்ல பாதிரியார், அப்புறம் உன் தங்கச்சி, இப்ப பன்னி. மாட்டுக்குள்ள கைய விடத் தைரியம் இருக்கு டாக்டர், வாயத் தொறக்கத்தான் இல்ல."

இந்த வாக்கியத்தை அடெமார் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறான். நன்றாக அமைந்த வாக்கியம். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அதுதான் கஷ்டம்.

எர்லான் எலும்பைக் கீழே வைத்தான். கைக்குட்டையால் வாயைத் துடைத்தான். சாப்பாட்டுக் காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்ச் சந்தைக்குப் போகும் படிக்கட்டில் ஏறத் தொடங்கினான். ஏறினான் என்றா சொல்வது, ஓடினான். ஐம்பத்தாறு வயதில், இரண்டு தட்டுக் குழம்போடு, இரண்டிரண்டு படியாக.

"மெதுவாடா!" என்று அடெமார் பின்னாலிருந்து கத்தினான்.

"யாரோ பன்னெண்டு மணின்னாங்களே?" திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது.

தலையில் சும்மாட்டுத் துணியோடு இறங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். "கீழ்நாட்டான்," என்றார் தன் மனைவியிடம், ஒரு வியாதியின் பெயரைச் சொல்வது போல. அடெமாருக்குக் காது அடைத்தது, பாதியில் உட்கார்ந்துவிட்டான். எழுந்து மேலே போய்ச் சேர்ந்தபோது எர்லான் அந்தக் கல்யாண மேசையின் விளிம்பைப் பிடித்தபடி வரிசையின் முன்னால் நின்றிருந்தான். உதடு நாவற்பழம் தின்றது போல இருந்தது. யாரிடம் என்ன சொல்லி முன்னால் போனானோ, வரிசை முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது.

மேசைக்குப் பின்னால் வட்டத் தொப்பி வைத்த பெண், கையில் முத்திரையோடு நிமிர்ந்தாள். "பொண்ணு எங்கே சார்?"

எர்லான் அடெமாரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினான்.

"பொண்ணு இல்லம்மா." மூச்சு வாங்கினான். "இவரு என் வீட்டுக்காரரு."

பத்தொன்பது வருஷத்தில் எர்லான் அவனை 'இவரு' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"ரெண்டும் மாப்பிள்ளையா?" என்றாள் அவள். "நல்லதாப் போச்சு. பொண்ணு வீட்டுச் சண்டை மிச்சம். பேரச் சொல்லுங்க, மணி அடிக்கப் போவுது."

"சத்தம் போதுமா வாத்தியாரே?" என்று கேட்டான் எர்லான். "இன்னும் சத்தமாச் சொல்லணும்னா... கொஞ்சம் காத்து வேணும்."

கோயில் மணி அடித்தது. சந்தை முழுவதும் குட்டி வீடுகளையும் குட்டி லாரிகளையும் புகைக்கு நேரே தூக்கிப் பிடித்தது. எர்லான் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தான். பிறகு முக்காலியிலிருந்து சரிந்தான். யாரோ அவன்மேல் பூவிதழைத் தூவினார்கள். கல்யாணக் கூத்தில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்திருக்கலாம். அந்த விரல் நீளத் தாளில் பெயர் எழுதினார்களா, முத்திரை விழுந்ததா என்பது அடெமாருக்குத் தெரியாது. அவன் அதைத் தேடவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எர்லான் கிடந்த தள்ளுவண்டியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த எழுத்தர் பேனாவைத் திறந்தார். இளைஞர், களைத்த முகம், ஆனாலும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க அவருக்கு என்ன வேணும் சார்?"

"சித்தி மகன்," என்றான் அடெமார்.

யாரும் அவனை மிரட்டவில்லை. பாதிரியார் அங்கே இல்லை. கேட்பதற்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது, இத்தனை வருஷம் பழக்கிய வாய் அல்லவா. எழுத்தர் எழுதிக்கொண்டார். பத்து நிமிஷம் கழித்து டாக்டர் வந்து, நெருங்கிய சொந்தம் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எழுத்தர் பதிவேட்டைப் பார்த்து, "சித்தி மகன்தான் இருக்காரு," என்றார். தங்கையை வரச் சொன்னார்கள். சித்தி மகனை நடைபாதையில் உட்காரச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தெல்சி விமானத்தில் வந்து, உடலைப் பெற்றுக்கொள்ளக் கையெழுத்துப் போட்டாள். ஊரில் துக்க வீட்டில் முதல் வரிசை ரத்த சொந்தங்களுக்கு. மூன்றாவது வரிசையில் நிஜமான சித்தி மகன்கள் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். நல்ல மனுஷர்கள். ஒருவர் அவன் தோளைத் தட்டி, "உங்க அம்மா வரலியா?" என்று கேட்டார். கேலியா, நிஜமா என்று கடைசிவரை தெரியவில்லை. எர்லான் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பான்.

மே மாதம் அடெமார் தனியாக லா பாஸ் போனான். முதல் நாள் படுத்திருந்தான். கொடுத்த தேநீரை எல்லாம் குடித்தான். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மெதுவாக நடந்துபோய், பதிவேட்டில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்றான். அதே எழுத்தர் பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"எந்தச் சொல் சார்?"

"உறவு. அது தப்பு."

"திருத்தணும்னா நெருங்கின சொந்தக்காரங்க எழுதிக் கொடுக்கணும்."

"நெருங்கின சொந்தம் நான்தான்."

"இதுல நீங்க சித்தி மகன்னுல்ல இருக்கு? சித்தி மகன் கொடுத்தா செல்லாது சார்." அவர் தலையைச் சொறிந்தார். "இப்படி எழுதச் சொன்னது யாரு?"

"நான்தான்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அடெமாருக்குத் தோன்றியது. "அவர் தங்கச்சிதானே கையெழுத்துப் போட்டாங்க?" என்றார் தணிந்த குரலில். "அவங்ககிட்ட ஒரு வரி வாங்கிட்டு வாங்க. நான் மாத்தித் தர்றேன்."

தெருவில் நின்று தெல்சிக்குப் போன் செய்தான். அவள் முழுவதும் கேட்டாள்.

"அடெமார், அவன் என்கிட்ட சொன்னதே இல்ல," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டே போய்ட்டான். இப்ப நான் எழுதிக் கொடுத்தா, தெரியும்னு ஆயிடும்ல? சித்தி மகன்னு இருந்தா யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

அடெமாருக்கு நன்றாக அமைந்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஜனவரி மாதப் பதிவேடு, இருபத்திநாலாம் தேதி, பிற்பகல் பன்னிரண்டு முப்பத்தைந்து. உடன் வந்தவர் அடெமார் மோன்தாஞ்ஞோ. உறவு, சித்தி மகன்.